எட்டு மில்லிமீட்டருக்குள் எவ்வளவு இருக்கிறது?

1938ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போன டேவிட் கர்ட்ஸ், 16 மில்லிமீட்டர் கேமரா ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார். பெரிய நகரங்களைப் பார்த்ததோடு, தான் பிறந்த போலந்துச் சிற்றூரான நாஷெல்ஸ்க்குக்கும் போய் மூன்று நிமிடம் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு போர் மூண்டது. அவ்வூரிலிருந்த சுமார் 3000 யூதர்களில் போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2009இல் அவருடைய பேரன் கிளென் கர்ட்ஸ், ஃபுளோரிடாவில் பெற்றோர் வீட்டு அலமாரியில் அந்த ஃபிலிமைக் கண்டெடுத்தபோது அது சுருங்கி, வளைந்து, புரொஜக்டரில் ஓட்ட முடியாத நிலையில் இருந்தது. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் அதை வாங்கி, சீர்செய்து, டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்தது. அதைப் பார்த்த ஒரு பெண், கூட்டத்தில் சிரித்துக்கொண்டு நின்ற பதின்மூன்று வயதுப் பையன் தன் தாத்தா என்று கண்டுகொண்டார். அந்தத் தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். படத்தில் இருந்த வேறு சிலரையும் அவரால் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிந்தது. பின்னாளில் டச்சு இயக்குநர் பியாங்கா ஸ்டிக்டர், இந்த மூன்று நிமிடக் காட்சிகளையே திரும்பத் திரும்பக் காட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆவணப்படமாக்கினார்.

கேமராவைப் பிடித்தவர் எதைக் குறிவைத்தாரோ அதைவிட, அவர் குறிவைக்காமல் உள்ளே வந்து விழுந்தவைதான் இந்தப் படத்தில் பயன்பட்டிருக்கின்றன. ஓரத்தில் முண்டியடிக்கும் பிள்ளைகள், சட்டைப் பொத்தான்கள், தொப்பிகள், ஒரு மளிகைக் கடையின் பெயர்ப்பலகை. அந்தப் பலகையில் மங்கிக் கிடந்த எழுத்துகளைப் படித்துக் கடைக்காரர் யாரென்று கண்டுபிடிக்க நடந்த முயற்சி, ஸ்டிக்டரின் படத்தில் ஒரு தனிப் பகுதியாகவே வருகிறது. வீட்டுப் படங்களின் மதிப்பு பெரும்பாலும் இப்படிப் பின்னணியிலும் விளிம்பிலும்தான் இருக்கிறது. எந்த மூலை நாளைக்குத் தேவைப்படும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதனால் பழைய ஃபிலிமை டிஜிட்டலாக்கும்போது டிவியில் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்தால் போதாது. ஃபிலிமில் பதிந்தது முழுவதும், கூட்டாமல் குறைக்காமல் கோப்புக்குள் வந்ததா என்று பார்க்க வேண்டும். அசல் ஃபிலிமையும் விட்டுவிடக் கூடாது. ‘ஹெச்டி தரத்தில் மாற்றித் தருகிறோம்’ என்ற விளம்பரத்தை நம்பிக் கொடுக்கிற பலருக்கு இந்த இரண்டுமே கிடைப்பதில்லை.

கோடாக் நிறுவனம் 1923இல் 16 மி.மீ. ஃபிலிமையும், செலவைக் குறைக்க 1932இல் 8 மி.மீ. ஃபிலிமையும், 1965இல் கேசட்டைச் செருகினால் போதும் என்ற வசதியோடு சூப்பர் 8 ஃபிலிமையும் கொண்டுவந்தது. ஐம்பது அடி கொண்ட ஒரு சூப்பர் 8 கேசட்டில் 3600 ஃபிரேம்கள். நொடிக்குப் பதினெட்டு ஃபிரேம் வீதம் ஓட்டினால் மூன்று நிமிடம் இருபது நொடியில் தீர்ந்துவிடும். ஒரு ஃபிரேமின் அகலம் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு, உயரம் நான்கு. சாதாரண ஸ்டில் கேமராவின் 35 மி.மீ. நெகட்டிவோடு ஒப்பிட்டால் பரப்பளவில் முப்பத்தேழில் ஒரு பங்குதான். இவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு கல்யாண வீடே இருக்கிறது. அதனால் ஓரத்தில் துளி வெட்டினாலும் ஓர் ஆள் காணாமல் போய்விடுவார்.

ஓரம் வெட்டுப்படாமல் இருப்பதுதான் அரிது. சுவரில் படத்தை ஓட்டி அதை வீடியோ கேமராவாலோ போனாலோ பிடிப்பது எல்லாவற்றிலும் மட்டமான வழி. நடுவில் வெளிச்சம் அடித்து மூலைகள் இருண்டிருக்கும், படம் விட்டுவிட்டுத் துடிக்கும். 1980களில் விஹெச்எஸ் கேசட்டுக்கு மாற்றிக் கொடுத்த கடைக்காரர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். புரொஜக்டரின் வேகத்தை நொடிக்குப் பதினேழு ஃபிரேமுக்குச் சற்றுக் குறைவாக வைத்தார்கள். மூன்று இறக்கை கொண்ட ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் மும்முறை காட்டும்போது நொடிக்கு ஐம்பது மினுக்கு வரும். நம்மூர் டிவி முறையின் துடிப்பும் அதே ஐம்பது என்பதால் படம் ஆடாமல் நின்றது. ஆனாலும் புரொஜக்டரில் ஒளி கடக்கும் வாசல் ஃபிரேமின் ஓரங்களை மறைத்தது, விஹெச்எஸ் நுணுக்கங்களை விழுங்கியது. இப்போதைய சிக்கல் வேறு மாதிரி. பழைய ஃபிலிமின் சட்டம் நான்குக்கு மூன்று, இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. திரை நிறைய வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். தாத்தாவின் தலைப்பாகையும் வாசல் கோலமும் அந்தக் கால்வாசிக்குள் இருக்கும். வெட்டாமல் இழுத்து அகலப்படுத்தினால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். ஹெச்டி திரையின் நடுவில் 1440க்கு 1080 பிக்சலில் படமும் இருபுறமும் கறுப்புப் பட்டையுமாக இருப்பதுதான் சரி. வாடிக்கையாளர்கள் அதைக் குறை என்று நினைப்பதால் கடைகளும் வெட்டிக் கொடுக்கின்றன.

ஓரத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்பவர்களுக்கு ஸப்ரூடர் படம் இருக்கிறது. 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டதை ஸப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் 8 மி.மீ. கோடாக்ரோம் வண்ண ஃபிலிமில் பிடித்த 486 ஃபிரேம்கள், சுமார் 26 நொடி. அந்தக் கேமரா, பல்சக்கரத் துளைகளுக்கு நடுவில் உள்ள பட்டையிலும் காட்சியைப் பதித்திருந்தது. புரொஜக்டரில் ஓட்டினால் அந்தப் பகுதி மறைந்துவிடும். ஃபிலிமை நேரடியாக ஃபிரேம் ஃபிரேமாகப் படியெடுத்தபோதுதான் அது வெளியே தெரிந்தது. நம் வீட்டு ஃபிலிமில் அதிபர் யாரும் இல்லைதான். ஆனால் கேமராவின் இயல்பு எல்லா வீட்டிலும் ஒன்றே.

நல்ல ஸ்கேனர் இந்த இழப்புகளைத் தவிர்க்கும் விதமாகக் கட்டப்பட்டது. அதில் துளையைக் கொக்கியால் பிடித்திழுக்கும் வேலை கிடையாது. ரப்பர் உருளைகள் ஃபிலிமை மெதுவாக நகர்த்துகின்றன, துளை எங்கே இருக்கிறது என்பதை ஒளியாலோ மென்பொருளாலோ கண்டுகொண்டு எல்இடி விளக்கு ஒரு கணம் மின்னுகிறது, கேமரா அந்த ஒரு ஃபிரேமைத் துளையோடும் விளிம்போடும் சேர்த்துப் பிடிக்கிறது. சுருங்கிய ஃபிலிமில் துளைகளின் இடைவெளி மாறியிருக்கும். கொக்கி வைத்த இயந்திரம் அதைக் கிழித்துவிடும், உருளை கிழிக்காது. வேகமும் நம் கையில் இருக்கும். 18 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேமில் ஓட்டினால் மனிதர்கள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். பழைய படம் என்றாலே வேகமாகத்தான் ஓடும் என்று நாம் நினைப்பதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். ஒரு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று கோப்பில் இருந்தால் எந்த வேகத்தில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். ஃபிரேம்களைக் கலந்தும் இரட்டித்தும் முன்பே சமைத்துக் கொடுத்திருந்தால் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஒலிப்பட்டை உள்ள சூப்பர் 8 ஃபிலிம் என்றால், காந்தப் பட்டையில் ஒலி படத்துக்குப் பதினெட்டு ஃபிரேம் முன்னால் இருக்கும் என்பதும் தெரிந்தவர் கையில் அது போக வேண்டும். சந்தையில் விற்கும் சிறிய வீட்டு ஸ்கேனர்களில் பல, நொடிக்கு இரண்டு ஃபிரேம் வீதம் அரைமணி நேரத்தில் ஒரு கேசட்டை முடித்துவிடும். ஆனால் கொடுப்பது கடுமையாகச் சுருக்கிய கோப்பு. வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும், பாதுகாப்புப் பிரதிக்குப் போதாது.

8 மி.மீ. ஃபிரேமில் அவ்வளவு நுணுக்கமே கிடையாது, 2கே ஸ்கேனெல்லாம் எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மைதான். சாதாரண லென்ஸில், கை நடுங்க, அனுபவமில்லாதவர் எடுத்த படத்தில் 4கே அளவுக்கு விவரம் இருக்காது, கடைக்காரர் 4கே என்று கூடுதல் காசு கேட்டால் யோசிக்கலாம். ஆனால் ஸ்கேனின் தரம் பிக்சல் எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. கோடாக்ரோம் நிழலும் வெளிச்சமும் கடுமையாகப் பிரிந்து நிற்கும் ஃபிலிம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே போதிய படிநிலைகள் இல்லாத மலிவான ஸ்கேனில், வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பவர்கள் வெறும் கறுப்புத் திட்டாகிவிடுவார்கள். ஒரே ஃபிரேமை இரண்டு வேறு வெளிச்சத்தில் பிடித்து இணைக்கும் ஸ்கேனரில் அவர்கள் முகம் வரும். இன்னொன்று, ஃபிலிமின் படம் என்பதே மணிமணியான துகள்களால் ஆனது. துகளைச் சரியாகப் பிடிக்காத ஸ்கேன் அதைச் சுருக்கும்போது சேறாக்கிவிடுகிறது, முகங்கள் மெழுகு பூசியதுபோல ஆகின்றன.

அந்த மெழுகை ஏஐ சரிசெய்துவிடும் என்று இப்போது புதிதாக ஒரு சமாதானம் வந்திருக்கிறது. 2020இல் லூமியே சகோதரர்களின் ரயில் வருகைப் படத்தை ஒருவர் மென்பொருளால் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் என்று மாற்றி வெளியிட்டதை உலகமே வியந்து பார்த்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மென்பொருள் நிரப்பிய புள்ளிகள் 1890களின் ஃபிலிமில் இருந்தவை அல்ல, வேறு ஆயிரமாயிரம் படங்களைப் பார்த்துப் பழகிய கணிப்பு அது. பாட்டியின் மங்கலான முகத்தைத் தெளிவாக்கச் சொன்னால், பாட்டியைப் போன்ற ஒருவரின் முகத்தைக் கொடுக்கும். பேரப்பிள்ளைகள் அதையே பாட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். வேடிக்கைக்காகச் செய்யுங்கள், தவறில்லை. அது தனிக் கோப்பாக இருக்கட்டும், ஸ்கேன் செய்த கோப்பின் மேல் கை வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவை வெளியார் யார் பார்க்கப் போகிறார்கள், இதற்கு இவ்வளவு செலவா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். 1956இல் அமெரிக்காவின் பார்ஸ்டோ குடும்பத்தார், போட்டியில் வென்று டிஸ்னிலேண்ட் போனதைத் தாங்களே படம் பிடித்தார்கள். அதில் வழிகாட்டிப் புத்தகம் விற்கும் பையனாகப் பின்னாளைய நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் வருகிறார். 2008இல் அந்தப் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த யூட்டா மாநிலத்து டோபஸ் முகாமுக்குள் டேவ் டாட்சுனோ ரகசியமாகப் பிடித்த 8 மி.மீ. காட்சிகளும் அதே பதிவேட்டில் உள்ளன. இத்தாலியின் பொலோன்யாவில் குடும்பப் படங்களுக்கென்றே ஒரு தேசிய ஆவணக் காப்பகம் நடக்கிறது. கேம்பிரிட்ஜின் தெற்காசிய ஆய்வு மையம், இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் எடுத்த வீட்டுப் படங்களை டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. தங்கள் பிக்னிக்கையும் குழந்தைகளையும் பிடித்தவர்களின் பின்னால் நம் தெருவும் வண்டியும் வேலையாட்களும் நிற்கிறார்கள். அதற்காக எல்லா ரீலையும் உயர்ந்த தரத்தில் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நயாகரா அருவியை யார் எடுத்தாலும் ஒன்றுதான். பணம் குறைவென்றால் மனிதர்களும் வீடும் தெருவும் உள்ள ரீல்களுக்கு நல்ல ஸ்கேன், மற்றவற்றைப் பத்திரமாக வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோப்பு அளவும் பயமுறுத்த வேண்டியதில்லை. சுருக்காத 2கே ஸ்கேன் ஒரு கேசட்டுக்கு சுமார் 45 ஜிபி பிடிக்கும், தொழில்முறைப் புரோரெஸ் கோப்பு மூன்று, நான்கு ஜிபியோடு முடியும். பெரிய கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு வீடுகளில் வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தனியாகச் சிறியது ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்கேன் ஆகிவிட்டதே, நாற்றமடிக்கிற ஃபிலிமை எதற்கு வைத்திருப்பது என்ற கேள்விக்கு விஹெச்எஸ் காலமே பதில். அன்று கேசட்டுக்கு மாற்றிவிட்டு ஃபிலிமை எறிந்த குடும்பங்களிடம் இன்று கேசட்டின் மங்கல் மட்டும் இருக்கிறது. ஃபிலிமை வைத்திருந்தவர்கள் இப்போது புதிதாக ஸ்கேன் செய்துகொள்கிறார்கள். ஃபிலிம் சாகும் என்பது மெய்யே. அசிடேட் தளம் சிதையும்போது அசிடிக் அமிலம் வெளியேறும், வினிகர் நெடி அதுதான். வெளியான அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். சூடும் ஈரமும் அதற்குத் தூபம் போடும். ட்ரை அசிடேட் ஃபிலிம் 1948இல் வந்து பத்தாண்டுக்குள், இந்தச் சிதைவு குறித்து முதல் புகாரைக் கோடாக்குக்கு அனுப்பியது இந்திய அரசுதான், நம் வெயில் அப்படி. ஆனால் குளிரில் சிதைவு வெகுவாகத் தளர்ந்துவிடும். பரண்மேல் தகரத்துக்குக் கீழே வேகும் டப்பாவை வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த அறைக்கு மாற்றுவதே பெரிய உபகாரம். நெடி அடிக்கிற ரீலை மற்றவற்றிடமிருந்து பிரித்து வைத்து, அதை முதலில் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். பழைய புரொஜக்டரைத் தூசி தட்டி அதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்ற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஃபிலிமைக் கொடுக்கும்போது டப்பாவையும் திருப்பித் தரச் சொல்ல வேண்டும். பல இடங்களில் ரீல்களையெல்லாம் ஒட்டி ஒரே பெரிய சுருளாக்கி, மஞ்சள் அட்டைப் பெட்டிகளைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெட்டியில்தான் தபால் முத்திரையின் தேதியும், பென்சிலில் எழுதிய ஊரும் பெயரும் இருக்கும். முத்திரை அழிந்திருந்தாலும் கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணமாகச் சில குறிகள் இருக்கும். அது தயாரித்த ஆண்டைச் சொல்லும் சங்கேதம், இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். துளைவரை பிடிக்கும் ஸ்கேனில் அதுவும் பதிவாகியிருக்கும்.