கைக்கு வந்த ஆசீர்வாதம் அடுத்து யார் கைக்கு?

போன எபிசோட் வெளிவந்த பிறகு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பியவர் சென்னையில் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பொண்ணு. "அண்ணே, ஞாயித்துக்கிழமை ஆராதனைய போன்லதான் பாக்கேன். கடைசில ஐயர் கையத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லும்போது கமெண்ட்ல 'ஆமென்'னு போடுதேன். அது எனக்கு வந்து சேருமா?"

கேட்டதும் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், சும்மா கடந்து போகிற கேள்வி இல்லை. ஜெபத்தில் ஆசீர்வாதம் வாங்குவது என்றால் என்ன? வாங்கிய பிறகு அதை என்ன செய்வது? இன்றைக்கு இதைத்தான் பேசப் போகிறோம். நான் வளர்ந்த தாமிரபரணிக் கரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்க ஊர்ச் சபைகள் இந்தக் கேள்விக்குப் பிரசங்கத்தில் சொன்ன பதிலைவிட, அரிசியிலும் சோற்றிலும் சொன்ன பதில் ரொம்பத் தெளிவானது.

ஒரு சொல், இரண்டு திசை

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ஆசீர்வாதம் என்பது வடமொழிச் சொல். ஆசி என்றால் நல்வாழ்த்து, வாதம் என்றால் சொல்வது. அதாவது, வாழ்த்திச் சொல்லும் சொல். அதைச் சொல்ல ஒருவர் வேண்டும், கேட்க இன்னொருவர் வேண்டும். தனக்குத் தானே ஆசீர்வாதம் சொல்லிக்கொள்கிற வழக்கம் நம்மிடம் எங்கேயும் இல்லை.

பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்தில் இதற்கு 'பராக்' என்று ஒரு வினைச்சொல். கடவுள் மனிதனுக்குச் செய்தாலும் அதே சொல், மனிதன் கடவுளுக்குச் செய்தாலும் அதே சொல். தமிழ் வேதாகமத்தில் இதை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். மேலிருந்து கீழே வந்தால் ஆசீர்வாதம், கீழிருந்து மேலே போனால் ஸ்தோத்திரம். திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் குருவானவரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம். அவரைத் தெருவில் பார்த்தால் சின்னப் பிள்ளைகள்கூட "தோத்திரம் ஐயா" என்று கும்பிடும். வணக்கம் சொல்கிற இடத்தில் நன்றி சொல்கிறோம், கவனித்தீர்களா?

ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கதை வருகிறது. அங்கே அவருக்கு ஆசீர்வாதம் கிடைப்பதோடு விஷயம் முடியவில்லை. அவர் மற்றவர்களுக்கு ஆசீர்வாதமாக இருக்க வேண்டும், அவர் வழியாகப் பூமியிலுள்ள குடும்பங்களுக்கெல்லாம் அது போய்ச் சேர வேண்டும் என்பதுவரை சேர்த்துத்தான் அந்த வாக்கு. புது வருஷ ராத்திரி ஆராதனையில் நாம் வாங்குகிற வாக்குத்தத்த அட்டையில் முதல் பாதி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாம் பாதியை நாமும் தேடுவதில்லை.

ஆராதனையே சொல்லிக்கொடுக்கும் பாடம்

ஒரு தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மன்றாட்டு ஜெபத்தில் நம் சொந்த விண்ணப்பம் முதலில் வராது. உலகத்துக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக, நோயாளிகளுக்காக, துக்கத்தில் இருக்கிறவர்களுக்காக என்று போகும். நடுவில் மழைக்காகவும் ஜெபம் வரும்.

எங்க பக்கம் மழை ஜெபம் லேசான காரியம் இல்லை. ஆற்றுப்பாசனத்தில் கார் நெல் போடுகிறவருக்கு ஜூன் மாதம் பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்ட வேண்டும். அதே நேரம் தேரிக்காட்டில் பனையேறுகிறவருக்கு அது பதநீர் சீசன். அவர் தலைக்கு மேல் மழை பெய்தால் அன்றைய பாடு போச்சு. இரண்டு பேரும் ஒரே சபை மக்கள், ஒரே ஜெபத்துக்கு ஆமென் சொல்கிறவர்கள். அதனால் பொது ஜெபத்தில் 'என் வயலுக்கு மட்டும்' என்று கேட்கவே வழி இல்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்டாக வேண்டும்.

அடுத்தது 'சமாதானம்' பகிர்வது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் உருவானது. அதன் திருவிருந்து ஆராதனை முறை 1950-இல் வந்தது. அதில் சமாதான வாழ்த்தை வாயால் சொல்வதோடு விடாமல், கையால் கடத்தும் பழக்கத்தைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த பழைய முறை அது. பீடத்தில் நிற்கும் குருவானவர் தன் அருகில் இருப்பவரின் உள்ளங்கைகளைத் தன் கைகளுக்குள் சேர்த்துக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கு அடுத்தவருக்கு என்று கடைசி வரிசைவரை போகும். இப்போது பல இடங்களில் கும்பிடுவதோடு முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த முறையின் பொருளைப் பாருங்கள். எனக்கு வந்ததை நான் திரும்பிக் கொடுக்காவிட்டால், என் பின்னால் இருக்கிறவருக்குப் போகாது. நடுவில் நான் தடையாக நின்றுவிடுவேன்.

கடைசியில் ஆசீர்வாதம். ஐயர் கையை உயர்த்திச் சொல்வார், அத்தோடு வீட்டுக்குப் போகலாம். ஆசீர்வாதம் ஆராதனையின் முடிவில் இருப்பதே ஒரு செய்திதான். வாங்கியவுடன் உட்கார்ந்திருக்க நேரம் தருவதில்லை, வாசலைப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

பிடி அரிசி

இனி ஆலயத்திலிருந்து அடுப்பங்கரைக்குப் போவோம். எங்க ஆச்சி உலை வைப்பதற்கு முன்னால் அரிசியை அளந்து எடுப்பாள். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி ரெண்டு வார்த்தை ஜெபம் பண்ணி, ஓரத்தில் இருக்கிற ஒரு டப்பாவில் போடுவாள். மூட்டையிலிருந்து எடுத்துப் போட மாட்டாள். சின்ன வயதில் ஒருநாள் "மூட்டைல இருந்து எடுத்தா என்ன?" என்று கேட்டேன். "அது மிச்சம்ல. இது நம்ம சோறு" என்றாள்.

இதற்குப் பெயர் பிடி அரிசிக் காணிக்கை. வீட்டில் சேர்ந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். அங்கே அதை விற்று, அந்தப் பணத்தை ஊழியத்துக்கோ இல்லாதவர்களுக்கோ கொடுப்பார்கள். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ரெண்டு வேளை என்றால் மாதத்துக்கு 3 கிலோ. நூறு வீடு இருக்கிற சபையில் 300 கிலோ. கையில் காசே புழங்காத பெண்கள், வீட்டில் யாரிடமும் கேட்காமல், தங்கள் கையால் கொடுக்க முடிந்த காணிக்கை இது. மிசோரத்திலும் 1910-லிருந்து பெண்கள் இதே போலப் பிடி அரிசி எடுத்துவைக்கிறார்கள். அந்த மாநிலத்துச் சபைகளின் வருமானத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் 1820-இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்து, பள்ளிக்கூடம், ஆலயம், ஊழியர் சம்பளம் எல்லாவற்றுக்கும் இங்கிலாந்திலிருந்து வந்த பணம் பெரிய ஆதாரம். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி.எஸ். அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போகிறார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு, கடல் தாண்டி ஊழியரை அனுப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். அவருக்கு அது உறுத்துகிறது. நாம் இத்தனை காலம் வாங்கிக்கொண்டே இருந்தோமே, கொடுத்தோமா?

1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமானது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. முதல் களம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதி. திருநெல்வேலித் தமிழர்கள் அங்கே போய்த் தெலுங்கு படித்து ஊழியம் செய்தார்கள். அசரியாவும் பிறகு அங்கேயே போய்விட்டார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். வாங்கிய கை கொடுக்கிற கையாக மாறிய கதை இது. அந்த மாற்றம் நடக்க 80 வருஷத்துக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏலமும் அசனமும்

ஜூலை மாதம் பாளையங்கோட்டை பக்கம் போனீர்களென்றால், நூற்றாண்டு மண்டபத்தைச் சுற்றி ஸ்தோத்திரப் பண்டிகைக் கூட்டத்தைப் பார்க்கலாம். ஊர்ச் சபைகளில் தனியாக அறுப்பின் பண்டிகையும் உண்டு. நெல், வாழைத்தார், கருப்பட்டி, முட்டை, சேவல் என்று விளைந்ததில், வளர்த்ததில் முதல் பங்கைக் கொண்டுவருவார்கள். ஜெபம் பண்ணிப் படைத்த பிறகு ஏலம் நடக்கும். கடையில் வாங்கினால் சில்லறைக் காசு பெறுகிற ஒரு தேங்காய், ஏலத்தில் பல மடங்கு விலைக்குப் போகும். வெளியூர்க்காரர் பார்த்தால் 'இவங்களுக்குக் கணக்குத் தெரியாதா?' என்றுதான் நினைப்பார். ஆனால் அங்கே யாரும் தேங்காய்க்கு விலை சொல்வதில்லை. கொண்டுவந்தவர் தன் ஸ்தோத்திரத்தைத் தேங்காயாகக் கொடுத்தார், எடுத்தவர் தன் ஸ்தோத்திரத்தைப் பணமாகக் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

அடுத்து அசனம். அசனம் என்றால் உணவு. பிரதிஷ்டை பண்டிகை போன்ற நாட்களில் ஆலய வளாகத்தில் பெரிய பெரிய அண்டாவில் சோறும் குழம்பும் கொதிக்கும். ஜெபித்துவிட்டுப் பந்தி போடுவார்கள். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் கத்தோலிக்கர்கள் நேர்ச்சையாக அசனம் போடுவதையும் பார்க்கலாம். எந்த மதத்துக்காரர் வந்து உட்கார்ந்தாலும் இலை விழும்.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. பந்தியில் எல்லாரும் ஒன்றாக உட்காருவது தானாக வந்துவிடவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. தென்னாட்டுச் சபைகள் பலவற்றில் அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. இன்றைக்கும் திருமண்டலத் தேர்தல் வந்தால் யார் யார் பக்கம் என்ற பேச்சு எப்படிப் போகும் என்று எங்க ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசீர்வாதத்தை நம் சொந்தக்காரர்களுக்குள்ளேயே சுற்றவிட்டால், அதுவும் ஒரு விதத்தில் பூட்டி வைப்பதுதான்.

வெறும் பாத்திரம்

என் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் எனக்கு வேலை போய்விட்டது. அந்த வருஷ வாக்குத்தத்த அட்டையில் எனக்குக் கிடைத்தது உயர்வைப் பற்றிய வசனம். எரிச்சலாக இருந்தது. ஊருக்கு வந்து அறைக்குள்ளேயே கிடந்தேன். அசனம் வந்தது. எங்க வீட்டிலிருந்து அந்த முறை ஒரு பைசா கொடுக்கவில்லை. அந்த வெட்கத்தில் நான் போகவில்லை. மத்தியானம் கதவைத் தட்டியது எங்க சபைக் கோயில்குட்டியார். ஆலயத்தைத் திறந்து பெருக்கி மணியடிக்கிற பெரியவர். கையில் மூடி போட்ட ஒரு தூக்கு, சோறும் குழம்பும்.

"நாங்க இந்த வருசம் ஒண்ணும் குடுக்கலயே" என்றேன்.

"அசனத்துக்கு ஏதுடே கணக்கு? சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கொடுப்பது ஈஸி, அதில் நமக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாதபோது வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம். அதுவும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. வாங்கவே மாட்டேன் என்கிறவனும் தடையாகத்தான் நிற்கிறான்.

சாயங்காலம் அம்மா அந்தத் தூக்கைக் கழுவித் துடைத்தாள். நம்ம வீடுகளில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், தெரியும்தானே? வீட்டில் பெரிதாக எதுவும் இல்லை. ஆச்சியின் பழைய டப்பாவைத் திறந்து, ரெண்டு பிடி அரிசி போட்டு என் கையில் கொடுத்தாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

அதனால், வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சிக்கு என் பதில் இது. போனில் கேட்ட ஆசீர்வாதம் வந்து சேருமா என்று என்னால் அளந்து சொல்ல முடியாது. ஆனால் 'ஆமென்' டைப் பண்ணின கையோடு ஒரு ஆளை நினைத்துப் பாரும்மா. ஹாஸ்டலில் காய்ச்சலோடு கிடக்கிற ரூம்மேட், இந்த மாசம் வாடகைக்குத் திணறுகிற நண்பன், ரொம்ப நாளாக நீ போன் பண்ணாத உன் ஆச்சி. அவங்க பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணு. பண்ணிவிட்டு அவங்களைப் போய்ப் பார், இல்லை ஒரு போனாவது போடு. ரைஸ் குக்கரில் அரிசி போடும்போது ஒரு பிடி கூடுதலாகப் போட்டால், ரெண்டு பேர் சாப்பிடலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. தோத்திரம்!