விரலில் புண் வருமுன் அறியலாமா?

குளிர்ந்த நீரில் கையை வைத்திருந்தால் நம் விரல்கள் சற்று வெளுக்கும். துடைத்ததும் பழைய நிறம் திரும்பிவிடும். ஆனால் சிலருக்குக் குளிர் பட்டதும் விரல்கள் சுண்ணாம்பு போல் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, கடைசியில் சிவக்கின்றன. இதனை 1862-ஆம் ஆண்டில் விவரித்தவர் மாரிஸ் ரேனோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். அவர் பெயராலேயே இது ரேனோ நிகழ்வு எனப்படுகிறது. பெரும்பாலோருக்கு இது சிறு தொல்லையே. ஒரு சிலருக்கு மட்டும் இது சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் என்னும் தோல் இறுக்க நோயின் முதல் அறிகுறியாகும்.

இந்நோயில் உடலின் தற்காப்பு அமைப்பே உடலுக்குப் பகையாகிறது. தோலிலும் உள்ளுறுப்புகளிலும் நார்த்திசு மிகுந்து அவை இறுகுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எப்போதாவது விரலில் புண் உண்டாகிறது. அப்போது சட்டைப் பொத்தான் போடுவதும் சோறு பிசைவதும்கூட வேதனைதான். புண் ஆறப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். கிருமிகள் எலும்பு வரை சென்றால் விரல் நுனியையே இழக்க நேரலாம்.

புண் ஏன் வருகிறது? விடையில் இயற்பியலுக்கும் பங்கு உண்டு. இயற்பியல் மாணவர்கள் பாய்சொய் விதியை அறிவார்கள். பாய்சொய் ஒரு மருத்துவர். இரத்த ஓட்டத்தை அறியும் ஆவலில்தான் அவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்திச் சோதனைகள் செய்தார். குழாயின் ஆரம் பாதியானால், மற்றவை மாறாதிருக்கையில், பாயும் நீரின் அளவு பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும்! இரத்தம் நீரைப் போல் எளிய திரவம் அன்று. எனினும், விரலுக்குச் செல்லும் சிறு தமனிகளின் உட்சுவர் தடித்து வழி குறுகினால் என்ன ஆகும் என்பதை இவ்விதியிலிருந்து ஊகிக்கலாம். அத்துடன் தந்துகிகளும் ஒவ்வொன்றாக மறைந்தால், தண்ணீர் எட்டாத கடைமடைப் பயிர் போல விரல் நுனித் திசு பட்டுப்போகிறது.

இந்தத் தந்துகிகளைக் கத்தியின்றிக் காண ஓர் இடம் உண்டு. அது நகம் தொடங்கும் இடத்திலுள்ள தோல் மடிப்பு. தோலின் பிற இடங்களில் தந்துகி வளைவுகள் செங்குத்தாக நிற்பதால் முனை மட்டும் புள்ளியாகத் தெரியும். இங்கே அவை படுத்திருப்பதால் கொண்டை ஊசி போன்ற முழு வடிவமும் தெரியும். மருத்துவர் அவ்விடத்தில் ஒரு துளி எண்ணெய் இட்டு உருப்பெருக்கியால் நோக்குகிறார். எண்ணெய் எதற்கு? தோலின் சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியைச் சிதறடிக்கிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் தோலின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருங்கியது. ஆகவே சிதறல் குறைந்து உள்ளே இருப்பது தெரிகிறது. பலகாரம் சுற்றிய காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளி புகவிடுவதும் இதனால்தான்.

நலமுள்ளவரிடம் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வளைவுகள் சீப்பின் பற்கள் போல் நிற்கும். நோயாளியிடம் சில வளைவுகள் 50 மைக்ரான் அல்லது அதற்கும் மேலாகப் பருத்திருக்கும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இவை இராட்சதத் தந்துகிகள். நோய் முற்றும்போது பற்கள் உதிர்ந்த சீப்பைப் போல் வரிசையில் வெற்றிடங்கள் தோன்றுகின்றன.

2009-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இக்காட்சியை ஓர் எண்ணாக்கினர். மிகப் பருத்த தந்துகியின் விட்டத்தை மைக்ரானில் அளந்து, இராட்சதத் தந்துகிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வரிசையிலுள்ள மொத்தத் தந்துகிகளின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை 2.94-ஐத் தாண்டினால் அடுத்த மூன்று மாதங்களில் புண் வரும் வாய்ப்பு மிகுதி. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விட்டம் 80, இராட்சதத் தந்துகிகள் 2, மொத்தம் 10 எனில் விடை 1.6. மொத்தம் ஐந்தாகக் குறைந்தால் விடை 6.4. எண்ணிக்கை பாதியானால் ஆபத்து எண் நான்கு மடங்காகிறது!

இங்கே ஒரு கேள்வி எழலாம். இராட்சதத் தந்துகி ஒன்றுகூட இல்லையெனில் விடை பூஜ்யம். அப்படியானால் ஆபத்தே இல்லையா? இல்லை. நோய் மிக முற்றிய கட்டத்தில் அவையும் அழிந்துவிடுகின்றன. அந்தப் பூஜ்யத்தை நம்பக் கூடாது. ஆகவே மருத்துவர்கள் மற்றக் குறிகளையும் சேர்த்தே பார்க்கிறார்கள். முன்பே புண் வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பது அவற்றுள் முக்கியமானது.

முன்னறிவதால் என்ன பயன்? பொசென்டன் என்னும் மருந்தைப் பற்றி 2004-லும் 2011-லும் வெளியான ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. அம்மருந்து புதிய புண்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. ஆனால் இருக்கும் புண்ணை விரைந்து ஆற்றவில்லை. எனவே வருமுன் காப்பதே வழி. புகையை அறவே விடுவதும், கையை மட்டுமின்றி உடல் முழுவதையும் வெதுவெதுப்பாக வைப்பதும், விரலில் காயம் படாமல் காப்பதும் உதவும்.

குளிரில் உங்கள் வீட்டில் எவருக்கேனும் விரல்கள் அடிக்கடி நிறம் மாறுகின்றனவா? அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மருத்துவரிடம் விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு துளி எண்ணெயும் ஒரு உருப்பெருக்கியும் பல உண்மைகளைச் சொல்லக்கூடும்.