தெற்கு ஜன்னல்

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் கிடைக்காது. பட்டுநூல் கண்டுகள், பிளாஸ்டிக் வளையல்கள், பசை டப்பா, குந்தன் கற்கள், பாதி சுற்றிய ஜிமிக்கி. வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில் நடப்பது இது. வியாபாரமா என்று கேட்டால் சிரிப்பார். "கை சும்மா இருக்கமாட்டேங்குது, அவ்வளவுதான்."

இருபது வருஷத்துக்கு முன் அவருடைய கடை ஒரு துணிப்பை. அப்போது பாசிமணி மாலை. பட்டுநூல் வளையல் மோகமெல்லாம் பின்னால் வந்தது. பிறந்தநாள் விருந்தோ, மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்வரும் வழியோ, நாலு பெண்கள் கூடினால் பை திறக்கும். வாங்குகிறவர் முந்தானையை மாலைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்ப்பார். சேர்ந்தால் காசு, சேராவிட்டால் காபி.

யாரோ சொல்லி, ஒருமுறை இணையத்தில் விற்றுப் பார்த்தார். 36 பட ஃபிலிம் சுருளை முடிக்கவே இரண்டு வாரம். மருந்துக்கடையில் கழுவி, ஆபீஸ் ஸ்கேனரில் ஏற்றி, 56கே மோடத்தில் அனுப்பினால் அரை எம்பி படம் போய்ச்சேர ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாராவது ஃபோனை எடுத்தால் முதலிலிருந்து. ஈபேயில் முதல் படம் இலவசம், அடுத்ததற்குக் காசு. அதனால் கைவேலைக்காரர்கள் படத்தை வேறொரு இலவசத் தளத்தில் போட்டுவிட்டு, விற்கும் பக்கத்தில் அதன் முகவரியை மட்டும் ஒட்டினார்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணியடித்த கதைதான். அப்படியொரு தளம், 2003இல் தொடங்கிய ஃபோட்டோபக்கெட், 2017 ஜூன் கடைசியில், வெளித்தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் வருஷத்துக்கு 399.99 டாலர் என்றது. உலகம் பூராவும் பொம்மை, பொத்தான், குரோஷா விற்றவர்களின் பக்கங்களில் சரக்கு மறைந்து, வேகமானி முள் படம் ஒன்று உட்கார்ந்துகொண்டது. மாதம் நாற்பது டாலருக்கு விற்கிறவர் நானூறுக்கு எங்கே போவார்? அக்கா அதற்கு வெகுமுன்பே அந்தப் பக்கம் தலைவைப்பதை விட்டிருந்தார்.

இன்று படம் எடுப்பது ஒரு வேலையே இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கேட்டலாக் எல்லாம் கையிலேயே. வீடு மட்டும் இப்போதும் வாடகை வீடுதான். 2021 பிப்ரவரி 18 அன்று ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் செய்திகளை முடக்கியபோது, செய்தியே போடாத வானிலைத் துறையின் பக்கமும் சேர்ந்து காலியானது. அரசாங்கத்துக்கே அந்தக் கதி என்றால் வளையல்காரிக்கு என்ன பட்டா?

ஆனால் அக்காவின் புலம்பல் அதுவல்ல. நிறம். வாடிக்கையாளர் புடவையை டியூப்லைட்டில் பிடித்து அனுப்புவார், வாட்ஸ்அப் அதைச் சுருக்கும், அக்காவின் ஃபோன் தன் பங்குக்கு வெள்ளையைத் தானே சரிசெய்துகொள்ளும். அரக்கு மெரூனாகும், மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகும். மயில் கழுத்து என்றால் போச்சு. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். புடவை அசைந்தால்தான் இரண்டும் தெரியும், கேமரா ஒன்றைத்தான் பிடிக்கும். "ரெண்டு ஃபோன், ரெண்டு லைட்டு, நடுவுல நான்" என்பார். பார்சல் திரும்பி வந்தால் தபால் செலவு லாபத்தைத் தின்றுவிடும்.

அளவிலும் வம்பு. 2.4 வளையல் என்பது தசமம் அல்ல. இரண்டு அங்குலமும் பதினாறில் நாலும், அதாவது இரண்டேகால். இங்கேயே வளர்ந்த பெண்கள் அதை அப்படியே ஸ்கேலில் அளந்துவிட்டு, தொளதொளவென்று இருக்கும் என்று பயந்து வேண்டாம் என்கிறார்கள். இப்போது படத்தின் ஓரத்தில் 57 மில்லிமீட்டர் என்றும் எழுதுகிறார்.

வெளிச்சத்துக்குத்தான் ரொம்ப நாள் அல்லாடினார். திருச்சியில் ஸ்டுடியோ வைத்திருந்த மாமா சின்ன வயதில் சொன்னதாம்: வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் நிழலடிக்காது. அதை நம்பி இங்கேயும் வடக்கு ஜன்னலில் வைத்து எடுத்தார். குந்தன் கல் பளீரென்று வெடித்தது, நூல் வெளுத்தது. சிட்னியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது என்பது உறைக்க ஒரு வருஷம் பிடித்தது. இப்போது தெற்கு ஜன்னல், வெள்ளைத் தலையணை உறை, காலை பத்து மணி. ரிங் லைட் அலமாரிக்கு மேல் தூசியோடு கிடக்கிறது.

போன மாதம் போனபோது மெல்போர்னிலிருந்து வந்த ஒரு கவரைப் பிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணின் அம்மா அனுப்பியது. உள்ளே புடவையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து பிய்த்த இரண்டு நூல், செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. "இப்பல்லாம் ஃபோட்டோ வேண்டாம், நூலு அனுப்புங்கனு சொல்லிட்டேன்" என்றபடி, அதைக் கண்டுகளின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஏழாவது கண்டில் நூல் இருந்த இடம் தெரியவில்லை.