தலைமையாசிரியர் நாற்காலிக்கு ஒரு நேர்முகம்

அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியராவதற்கு நேர்முகத் தேர்வு என்ற ஒன்றே கிடையாது என்று சொன்னால், ஆசிரிய உத்தியோகத்துக்கு வெளியே இருப்பவர்கள் சற்று ஆச்சரியப்படக்கூடும். பணிமூப்புப் பட்டியலில் பெயர் வரவேண்டும், உரிய துறைத் தேர்வுகளில் தேறியிருக்கவேண்டும், கலந்தாய்வு நாளில் காலியாக உள்ள பள்ளிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான். நாலைந்து பேர் எதிரே அமர்ந்து வினா எழுப்ப, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே விடை சொல்லும் அவஸ்தை, பெரும்பாலும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், மெட்ரிகுலேஷன், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும், மத்திய அரசின் கேந்திரிய வித்தியாலயங்களுக்குமே உரியது. காந்திகிராமத்தில் இருப்பது போன்ற கேந்திரிய வித்தியாலயங்களின் முதல்வர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிப்போர் எழுத்துத் தேர்வையும் கடக்கவேண்டும். அது அகில இந்தியப் போட்டியாதலால் இங்கே அதைப் பற்றி விரிக்கவில்லை.

திண்டுக்கல் நகரிலும் சுற்றுச் சமவெளியிலும் உதவிபெறும் பள்ளிகளுக்குக் குறைவில்லை. கிறிஸ்துவ சபைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே கல்விப் பணியில் இறங்கின. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவியபோது, கல்வியைக் கிராம வாழ்வோடு பிணைக்கும் வேறொரு மரபும் இம்மண்ணில் வேரூன்றியது. இத்தகைய பள்ளிகளில் தலைமைப் பதவி காலியாகும்போது, 'நான்தானே மூத்தவன், எனக்குத்தானே வரவேண்டும்' என்ற எண்ணத்தோடு நேர்முகத்துக்குச் செல்பவர்கள் அநேகர். தனியார் பள்ளிகளுக்கான 1974ஆம் ஆண்டு விதிகளோ, தகுதியும் திறமையும் பார்த்தே பதவி உயர்வு அளிக்கவேண்டும் என்றும், அவை ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது மட்டுமே பணிமூப்பைக் கருதவேண்டும் என்றும் விதித்திருந்தன. மூலச் சட்டமான 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2018ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. சிறுபான்மை நிர்வாகங்களுக்கு, தகுதியுள்ளவர்களுள் தமக்கு உகந்தவரைத் தலைமையாசிரியராகத் தெரிந்தெடுக்கும் உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றமே 1998இல் கேரளத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மூப்பை மட்டுமே நம்பிச் செல்வது உசிதமன்று.

பின் எதை நம்பிச் செல்வது? பாடம் நடத்துவதில் தமக்குள்ள சாமர்த்தியத்தை விஸ்தாரமாக விவரிப்பவர்களை நிர்வாகத்தார் மரியாதையுடன் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் தேடுவது நல்ல ஆசிரியரை அன்று, இந்தப் பள்ளியை, இந்த ஊரில், நாளை காலை முதல் நடத்தக்கூடிய ஒருவரை. என் அபிப்பிராயத்தில், புத்தகக் கடையில் விற்கும் வினா-விடை நூல்களைப் புரட்டும் நேரத்தில், பள்ளி விடும் வேளையில் அதன் வாசலில் அரை மணி நேரம் நின்று பார்ப்பது மேலான ஆயத்தம். நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை மொட்டு விடியற்காலையிலேயே கொய்யப்படவேண்டிய பொருளாதலால், முதல் பாடவேளைக்குத் தாமதமாக வரும் பிள்ளை சோம்பேறி என்று தீர்மானிப்பதற்கு முன் விசாரிக்கத் தெரிந்தவராகத் தலைமையாசிரியர் இருக்கவேண்டும். வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைக் கூலி எந்த வயதில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுக்கிறது, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் தகப்பன் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பான், தைப்பூசத்துக்கு முன் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் நெடுஞ்சாலையை நிறைக்கும் நாட்களில் சிறுவர்களை எப்படிச் சாலை கடக்கவைப்பது என்பவையெல்லாம் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்றுத் தரப்படாத, ஆனால் கேட்கப்படக்கூடிய விஷயங்கள்.

எல்லாவற்றினும் கடினமான வினா ஒன்று உண்டு. அது பெரும்பாலும் புன்னகையோடு வரும்: "பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டுவீர்களா சார்?" இக்கேள்விக்குப் பின்னே இன்னொரு கேள்வி மறைந்திருப்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கலாகாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பொதுத்தேர்வு வருவதோ பத்தில். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட ஒன்பதாம் வகுப்பில்தான், மந்தமானவன் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளையின் தகப்பனை அழைத்து, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளும்படி நயமாகச் சொல்லி, டி.சி.யைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் சில இடங்களில் நடைபெறுகிறது. (சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாதென்று 2014இல் வந்த தீர்ப்பை, 2025இல் உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு சந்தேகித்து, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு உரியதெனக் கருதியதையும் விண்ணப்பதாரர் அறிந்திருப்பது நலம்.) நூறு சதவீதம் நிச்சயம் என்று வாக்களிப்பவர் இப்பழக்கத்துக்கு உடன்படுபவராகவோ, நிலைமை தெரியாதவராகவோதான் இருக்கவேண்டும். 'சென்ற மூன்று ஆண்டுத் தேர்ச்சி விவரத்தையும், ஒன்பதில் சேர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் பத்தில் தேர்வெழுதினார்கள் என்பதையும் பார்த்த பிறகு சொல்கிறேன்' என்று நிதானமாக விடையளிப்பவரே, என் எண்ணத்தில், அந்த நாற்காலிக்கு அருகதையுள்ளவர். அவ்விடையைக் கேட்டு முகம் சுளிக்கும் நிர்வாகத்தில் உத்தியோகம் கிடைக்காமற்போவது நஷ்டமே அன்று.

சட்டம், பதிவேடு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைகளை அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் தண்டனைக்குரியவை என்பதும், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் மறைக்காமல் தெரிவிக்கவேண்டும் என்பதும், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற காரணம் அங்கே செல்லாது என்பதும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்திருக்கவேண்டும். சேர்க்கை-நீக்கப் பதிவேடு, பணிப்பதிவேடு, எமிஸ் இணையதளம் இவற்றில் கைபழகாதவர், பள்ளி எழுத்தரின் தயவில் காலந்தள்ள நேரும்.

பள்ளிக்குழு தெரிந்தெடுத்துவிட்டதனாலேயே காரியம் முடிந்துவிட்டதாகவும் கொள்ளலாகாது. உதவிபெறும் பணியிடத்துக்குக் கல்வித் துறையின் நியமன ஒப்புதல் கிடைத்தால்தான் அரசின் மானியத்திலிருந்து அப்பதவிக்குரிய ஊதியம் வரும். ஆதலால் பட்டங்கள், அனுபவச் சான்று, துறைத் தேர்வு முடிவுகள் யாவற்றின் அசலையும் நேர்முகத்துக்கு முன்பே வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்புதல் வரும்வரை பழைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.