கறுத்த வெள்ளியைத் துலக்கலாமா?

தலைமுறை தலைமுறையாக நம் இல்லங்களுக்கு வந்துள்ள வெள்ளிப் பொருள்கள், பல நாள் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது கறுத்துக் காணப்படுகின்றன. திருமணமோ பண்டிகையோ நெருங்கியதும் அவற்றைப் புதியனபோல் மின்னச் செய்ய விரைகிறோம். அதற்கு முன்னர், இக்கறுப்பு யாது, இதனைத் தேய்த்தால் எது போகும் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

காற்றிலுள்ள கந்தக வாயு படுவதால் வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளி சல்பைடாக மாறுகிறது. முதலில் மஞ்சளாகவும், பின்னர் பழுப்பாகவும், இறுதியில் கறுப்பாகவும் தோன்றுவது இதுவே. இது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. வெள்ளியின் ஒரு பகுதியே உருமாறி நிற்கிறது. ஆகையால், சாம்பலோ பல்பொடியோ இட்டுத் தேய்க்குந்தோறும் சிறிதளவு வெள்ளியை இழக்கிறோம். ஒருமுறை இழப்பது கண்ணுக்குத் தெரியாது. பல்லாண்டுகள் தேய்த்த சந்தனக் கிண்ணத்தில் கொடியும் பூவும் மழுங்கிவிடும். பாட்டியார் பெயரை வெட்டிய எழுத்துகளும் மறைந்துவிடும். முலாம் பூசிய பொருளாயின், அடியிலுள்ள செம்போ பித்தளையோ வெளிப்படும்.

கறுப்பையே அழகாகக் கொண்ட பொருள்களும் உண்டு. கர்நாடகத்தின் பீதர் நகரத்துப் பித்ரி வேலை இதற்குச் சான்று. துத்தநாகம் மிகுதியாகவும் செம்பு சிறிதளவும் கலந்த உலோகத்தில் வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் பதிக்கின்றனர். பின்னர், பீதர்க் கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த குழம்பைப் பூசுகின்றனர். உலோகம் கறுக்கிறது; வெள்ளி வெண்மையாகவே நிற்கிறது. இத்தகைய பொருளைத் துலக்கும் திரவத்தில் அமிழ்த்தினால், கைவினைஞர் வேண்டி உண்டாக்கிய கறுப்பு கெட்டுவிடும்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் இட்ட வெந்நீரில் வெள்ளியை அமிழ்த்தும் முறையைப் பலர் கையாளுகின்றனர். கறுப்பு மீண்டும் வெள்ளியாக மாறுவதால் இழப்பு குறைவே. எனினும், செதுக்கு வேலையை எடுத்துக்காட்டும் நிழலும் போய்விடும். கல் பதித்த நகைகளுக்கும் உட்குழிவான பொருள்களுக்கும் இம்முறை ஏற்றதன்று.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? உணவுக்கும் வழிபாட்டுக்கும் நாள்தோறும் பயன்படும் வெள்ளியைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவி, உடனே மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தல் போதும். காட்சிக்குரிய பழம்பொருளாயின், தூசியைத் துடைத்து, பள்ளங்களிலுள்ள கறுப்பை அவ்வாறே விட்டுவிடலாம். துலக்கியே ஆகவேண்டுமெனின், மிக நுண்ணிய சுண்ணத்தூளை நீரில் குழைத்துப் பஞ்சினால் மெதுவாகத் துடைக்கலாம். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் கந்தகம் உடையவை. அவற்றை வெள்ளியுடன் வைத்தலாகாது. வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரமற்ற பெட்டியில் வைத்தால் கறுப்பு மெதுவாகவே படரும்.

வெள்ளி மீண்டும் கறுத்தால் மீண்டும் துலக்கிக்கொள்ளலாம். தேய்ந்துபோன பெயரையோ திரும்ப எழுத இயலாது. ஐயம் தோன்றும்போது, துலக்காமல் விடுவதே அறிவுடைமை.