உறங்கிய கணனி விழிக்க மறுப்பதேன்?

இரவு நெடுநேரம் கட்டுரை எழுதிய மாணவன் மடிக்கணனியின் மூடியைச் சாத்திவிட்டு உறங்கப் போகின்றான். விடிந்ததும் திறக்கின்றான். விசிறி சுழல்கின்றது, விளக்கு எரிகின்றது, திரை மட்டும் கன்னங்கரேலெனக் கிடக்கின்றது. கணனி பழுதாயிற்றென்று வீடே கலங்குகின்றது. புதிய திரை வாங்கப் பணம் தேடுமுன், நாம் சற்றே நிதானிப்போமாக.

கணனியின் உறக்கத்துக்கு இலக்கணம் வகுத்தோர் இன்ரெல், மைக்ரோசொப்ட், தொஷிபா நிறுவனத்தார். 1996ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்விதிகளுக்கு 'ஏ.சி.பி.ஐ.' என்று பெயர். அவற்றுள் 'எஸ் 3' எனப்படும் உறக்கத்தில், கணனியின் மூளையாகிய சில்லுக்கும் படம் வரையும் சில்லுக்கும் மின்சாரம் நின்றுவிடும். பிரதான நினைவகம் மட்டும் சிறிதளவு மின்சாரம் பெற்று, நாம் எழுதியவற்றைக் காத்து நிற்கும்.

படம் வரையும் சில்லுக்குத் தனி நினைவகம் இருப்பின் அதிலுள்ளவை அழிந்துபோம். விழித்தெழும் அச்சில்லு, எத்திரையில் எவ்வாறு வரைவதென்பதையும் மறந்து நிற்கும். அதற்கு மீண்டும் பாடம் புகட்டும் ஆசிரியனே 'டிரைவர்' எனும் இயக்கி மென்பொருள். ஆசிரியன் தவறினால் திரை இருளும்.

லினக்ஸ் கணனிகளில் முன்னர் இத்தொல்லை மிகுதி. திரையை அமைக்கும் பொறுப்பு, இயங்குதளத்தின் கருவுக்கு வெளியே வேறொரு மென்பொருளிடம் இருந்ததே காரணம். 2009இல் வெளியான 2.6.29 பதிப்பில், இன்ரெல் சில்லுகளுக்கு அப்பொறுப்பைக் கருவே ஏற்றது. என்விடியா இயக்கியின் பல பதிப்புகளோ இன்றியமையாதவற்றை மட்டுமே காக்கும். முழுவதையும் காக்க, 'பிரிசேர்வ் வீடியோ மெமரி அலொகேஷன்ஸ்' என்னும் அமைப்பை 1 ஆக்கி, அவ்வியக்கியோடு வரும் உறக்க, விழிப்புச் சேவைகளையும் இயக்கிவிடல் வேண்டும். சேமிப்புத் தட்டில் போதிய இடமும் வேண்டும்.

இனி, திரை இருண்டால் செய்வது யாது? மின்பொத்தானை உடனே அழுத்திப் பிடித்தல் ஆகாது. மின்சாரம் உள்ளவரை, சேமியாத கட்டுரை நினைவகத்தில் உயிரோடிருத்தல் கூடும். அணைத்தாலோ அதுவும் மாளும். விண்டோஸ் 10, 11 கணனிகளில் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட் விசைகளோடு 'பி'யையும் ஒருங்கே அழுத்தினால் இயக்கி புதிதாய்த் தொடங்கும். லினக்சில் கொன்ட்ரோல், ஓல்ட், எப் 3 விசைகளை அழுத்தினால் எழுத்துத் திரை தோன்றலாம். தோன்றின், திரை பழுதன்று என்பது தெளிவு. அதன்பின் இயக்கியைப் புதுப்பித்துப் பார்த்தல் நன்று.

எவ்வாறாயினும், மூடியைச் சாத்துமுன் எழுதியதைச் சேமித்தல் ஒரு கணப்பொழுதின் வேலை. அவ்வழக்கம் உடைய மாணவனுக்கு, இருண்ட திரை ஒரு தொல்லையாகலாம், இழப்பாகாது.