விளக்கைக் கண்டது, முகத்தைக் காணவில்லை

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு நிழற்படம் வெறும் பொழுதுபோக்கு அன்று. உறவைக் காத்து வைக்கும் பெட்டகம். பாட்டனும் பாட்டியும் ஊரில். பேரப் பிள்ளைகள் இங்கே. இருசாராரும் ஒன்றுகூடும் நாள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். அன்று எடுத்த படம் மங்கிப்போனால், அந்த நாளே கைநழுவிப் போனது போலாகிறது.

ஆஸ்டின் டவுனில் நமது இல்லத்தில் சென்ற பொங்கலன்று நேர்ந்தது இதுவே. நெல்லையிலிருந்து ஆச்சி வந்திருந்தார்கள். வயது 86. கொள்ளுப்பேரனை மடியில் இருத்திக்கொண்டு, ஏற்றிய குத்துவிளக்கிற்குப் பின்னே அமர்ந்தார்கள். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவால் பத்துப் படங்கள் எடுத்தோம். இரவில் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது நெஞ்சு துணுக்குற்றது. விளக்கின் திரியும் எண்ணெய்த் துளியும் துல்லியமாய்த் துலங்கின. ஆச்சியின் முகமோ பனிமூட்டத்தில் இருந்தது. மறுநாள் அவர்கள் ரயிலேறிவிட்டார்கள். அத்துணை நெடும்பயணம் இனி அவர்களால் ஆகாது.

பழுதுபார்க்கும் கடை ஒன்றில் லென்ஸையே மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை கேட்டனர். தயங்கி வீடு திரும்பி, பொறுமையோடு ஆராய்ந்தோம். குற்றம் காமிராவினுடையது அன்று. நம்முடையதே என்று தெளிந்தோம்.

ஆட்டோ ஃபோகஸ் என்னும் அமைப்பு, 1985-இல் மினோல்டா 7000 வெளிவந்த பிறகு எஸ்.எல்.ஆர். காமிராக்களில் பரவலாயிற்று. லென்ஸ் வழியே வரும் ஒளியில் ஒரு பகுதி, சாய்ந்து நிற்கும் கண்ணாடியை ஊடுருவிச் சென்று, அதன் பின்னுள்ள சிறு கண்ணாடியால் கீழே திருப்பப்படுகிறது. அங்குள்ள உணர்கருவி, லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியால் உண்டாகும் இரு பிம்பங்களை ஒப்பிட்டு, லென்ஸ் எத்திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கிடுகிறது. ஒப்பிடுவதற்குக் கோடும் நிழலும் வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரையோ இருட்டையோ காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். எங்கே குவிப்பது என்பதைக் காமிராவின் போக்கிற்கே விட்டுவிட்டால், பெரும்பாலும் அருகிலுள்ள பொருளையே அது பற்றிக்கொள்ளும். அன்று அருகே இருந்தது விளக்கு. ஆச்சி யார் என்பதைக் காமிரா எவ்வாறு அறியும்?

ஆதலின், கடைக்கு ஓடுமுன் அன்பர்கள் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகளைக் கூறுவோம்.

முதலாவது, லென்ஸின் பக்கத்திலுள்ள சிறு விசையைப் பாருங்கள். பைக்குள் உராய்ந்து அது கைமுறைக் குவியத்திற்கு மாறியிருக்கக் கூடும். 2006-இல் வந்த நிக்கான் டி40 போன்ற சிறு காமிராக்களில் குவிய மோட்டார் இல்லை; மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அவற்றில் பொருத்தினால் அது தானே குவியாது. மிக நெருங்கி நின்றாலும் குவியாது. குறைந்த அளவு தூரம் லென்ஸிலேயே பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம்.

இரண்டாவது, காமிராவை நிறுத்திவிட்டு லென்ஸைக் கழற்றி, அதன் அடியிலுள்ள உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள்.

மூன்றாவதே தலையாயது. குவியப் புள்ளிகளுள் ஒன்றை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். குறுக்கும் நெடுக்குமான கோடுகள் இரண்டையும் உணரவல்ல நடுப்புள்ளி, மங்கிய ஒளியில் பெரும்பாலும் நம்பத்தக்கது. அதைக் கண்ணின்மேல் வையுங்கள்.

நான்காவது, பொருள் நிற்கிறதா, ஓடுகிறதா என்பதைக் காமிராவுக்குச் சொல்லுங்கள். அமர்ந்திருக்கும் பெரியோருக்குக் கேனனில் ‘ஒன் ஷாட்’, நிக்கானில் ‘ஏஎஃப்-எஸ்’. நந்தன் மைதானத்தில் கால்பந்தாடும் நம் பிள்ளைகளுக்கோ ‘ஏஐ செர்வோ’, ‘ஏஎஃப்-சி’. ஷட்டர் வேகமும் 1/500 நொடியேனும் வேண்டும். படம் முழுவதும் ஒரே பக்கமாய் இழுபட்டிருந்தால் அது கை அசைவு; முன்னோ பின்னோ ஒன்று தெளிந்து, வேண்டியது மங்கியிருந்தால்தான் குவியப் பிழை.

ஐந்தாவது, இவற்றாலும் தீராவிடில், ஐந்து தீப்பெட்டிகளைச் சாய்வரிசையில், ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்துங்கள். காமிராவை அசையாமல் ஊன்றி, லென்ஸின் துளையை முழுதும் திறந்து, நடுப்பெட்டியைக் குறிவைத்து எடுங்கள். பின் ‘லைவ் வியூ’ முறையில் மீண்டும் எடுங்கள். அம்முறையில் படம் பதியும் உணர்கருவியே குவியத்தையும் பார்ப்பதால் கண்ணாடிகளின் பிழை புகாது. அதில் நடுப்பெட்டி தெளிந்து, முன்னதில் எப்போதும் வேறொரு பெட்டியே தெளிந்தால், சீரமைப்புத் தேவை. 2007-இல் வந்த நிக்கான் டி300 போன்றவற்றில் அதை நாமே திருத்தலாம். வசதியில்லாதவற்றைப் பணிமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். இரண்டிலும் மங்கினால், மழைக்காலப் பூஞ்சை லென்ஸினுள் படர்ந்துள்ளதா என்று விளக்கொளியில் பாருங்கள்.

நமது காமிரா இத்தேர்வில் குறையின்றித் தேறியது. அதுவே நமக்கு நாணமாகவும் இருந்தது. பத்துப் படங்களை எடுத்த நாம், ஒன்றையேனும் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்திருந்தால், விளக்கைச் சற்றே ஓரமாக நகர்த்தி, ஆச்சியின் முகத்தைக் காத்திருக்கலாம். எடுத்த உடனே கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குப் பத்து விநாடி போதும்.

சித்திரையில் நாமே நெல்லைக்குப் புறப்படுகிறோம். இம்முறை புள்ளி ஆச்சியின் கண்ணில் இருக்கும்.